வலது தோள்

நவம்பர் 10, ஞாயிறு

பழைய நோட்டு முடிந்துவிட்டது. இது புதியது. புது நோட்டின் முதல் பக்கத்தில் வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை எழுத வேண்டும், தொலைந்தால் கண்டெடுப்பவர் கொண்டுவந்து சேர்க்க வசதி என்று கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களைப் பழக்கியிருந்தார்கள். அறுபத்தைந்து வருடத்தில் என் நோட்டு ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஹெர்மீனா மோத்தா, வயது எழுபத்தேழு. கான்வென்ட் தொடக்கப்பள்ளியில் முப்பத்தோரு வருடம் பாட்டு டீச்சர். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மாடியில் லியாண்டர், என் தங்கை மகன். நான்கு வயதில் தாயை இழந்ததிலிருந்து நான் வளர்த்தவன். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. அவன் மனைவி மெர்லின், வங்கியில். அவர்கள் மகள் ஜோவிட்டா, நான் வேலை பார்த்த அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

இன்று இரண்டாம் பூசைக்குப் போனோம். பாடகர் குழு நுழைவுப் பாடலை இழுத்தே சாகடித்தது. கீபோர்டில் பொத்தானை அமுக்கினால் தாளம் தானாக வருகிறது. அதன் பின்னால் மனிதர்கள் மூச்சு வாங்க ஓடுகிறார்கள்.

லியாண்டர் வழக்கம்போல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். பிரசங்கத்துக்கு உள்ளே வருவான், பாட்டுத் தொடங்கியதும் போய்விடுவான். உள்ளே புழுக்கமாம். சன்னல் வழியாக மழைக்காற்று அடிக்கும் நவம்பரிலும் அவனுக்குப் புழுக்கம். சிலருக்கு உடம்புவாகு அப்படி.

நவம்பர் 12, செவ்வாய்

பள்ளிக் கலைவிழா டிசம்பர் பதினான்காம் தேதியாம். மூன்றாம் வகுப்பு ஒரு பாட்டு நாடகம் போடுகிறது. தவளைகள் மழையைக் கூப்பிடுகின்றன, உப்பளப் பெண்கள் வேண்டாம் என்கிறார்கள், மழை நடுவில் நின்று தவிக்கிறது. நம் ஊருக்கு ஏற்ற கதைதான். ஜோவிட்டா உப்பளப் பெண்களின் வரிசையில் நின்று பாடுகிறாள். பயிற்சி கொடுப்பது ப்ரிசில்லா. என்னிடம் படித்தவள், நல்ல காது. நான் ஓய்வு பெற்றபோது தட்டினால் சுருதி சொல்லும் என் சுருதிக் கவையை அவளுக்குத்தான் கொடுத்தேன்.

ஜோவிட்டா பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எனக்குப் பாடிக் காட்டினாள்.

மழையே மழையே பொறுத்து வா,
உப்பை அள்ளி முடிச்சதும் வா.

'மழையே' சரியாகத் தொடங்குகிறது. 'பொறுத்து வா' வரும்போது அரைச் சுரம் கீழே. இரண்டாவது வரி முடியும்போது முழுதாக ஒரு சுரம் இறங்கிவிட்டது. அவளிடம் சொன்னேன். "சரி பெரியாச்சி" என்று சொல்லிவிட்டு இன்னும் சத்தமாகப் பாடினாள்.

நவம்பர் 15, வெள்ளி

மழை. கிறிஸ்மஸ் கேக்குக்கு உலர்பழங்களை நறுக்கி ஊறவைத்தேன். ஜோவிட்டா மாடிப்படியில் உட்கார்ந்து பாடினாள். சுருதி இன்னும் கீழே.

நவம்பர் 19, செவ்வாய்

மூன்று நாட்களாக வீட்டில் பாட்டுச் சத்தம் இல்லை. காய்ச்சலோ என்று மாடிக்கு ஏறிப் பார்த்தேன். (மாடிப்படி இருபத்திரண்டு. இடையில் ஒரு தடவைதான் நின்றேன்.)

ஜோவிட்டா அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. 'ம' வுக்கு உதடுகள் ஒட்டிப் பிரிகின்றன, 'வா' வுக்கு அகலமாகத் திறக்கின்றன. அழகாகத்தான் இருந்தது. என்ன செய்கிறாய் என்று கேட்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டு என் காதருகே வந்து சொன்னாள்.

"டீச்சர் என் தோளத் தொட்டாங்க பெரியாச்சி. யாருட்டயும் சொல்லக் கூடாது. எங்க வரிசையில நாலே நாலு பேரத்தான் தொட்டாங்க. தொட்டவங்க சத்தமில்லாம வாயை மட்டும் அழகா அசைக்கணும். அப்பத்தான் பாட்டு நல்லா இருக்குமாம்."

அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

இந்த முறை யாருடையது என்று எனக்குத் தெரியும். என்னுடையது. எந்தச் சிஸ்டரிடமும் கற்றதல்ல, நானே கண்டுபிடித்தது. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பாடச் சொல்வேன். ஒவ்வொரு வாயருகிலும் என் காதைக் கொண்டுபோவேன். சுருதி சேராத பிள்ளையின் இடது தோளை லேசாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். யாரையும் திட்டுவதில்லை, வரிசையிலிருந்து விலக்குவதில்லை. தொட்ட பிள்ளைகளைத் தனியே அழைத்து, உங்களுக்கு வேறு வேலை என்று சொல்வேன். மனம் நோகாது, பாட்டும் கெடாது. எங்கள் பள்ளிக் குழு ஒன்பது வருடம் மாவட்டத்தில் முதல் பரிசு வாங்கியது.

ஆனால் ஜோவிட்டா விஷயத்தில் ப்ரிசில்லாவின் காது தவறியிருக்க வேண்டும். நாளை மறுநாள் போய்க் கேட்கிறேன்.

நவம்பர் 21, வியாழன்

சாம்பல் நிறச் சேலை, குடை, ஆட்டோ. பள்ளி வாசலில் என்னை நிறுத்திக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன்.

ப்ரிசில்லாவுக்குத் தலையில் நரை வந்துவிட்டது. எழுந்து நாற்காலி போட்டாள். நீங்கள் வருவீர்கள் என்று தெரியும் என்றாள். ஜோவிட்டாவை ஒருமுறை மறுபடி கேட்டுப் பார், முதல் நாள் தொண்டை கட்டியிருந்திருக்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து என் பழைய சுருதிக் கவையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"பாப்பா கீழ போறா டீச்சர். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளை, ஒரு கலைவிழாதானே, போட்டியா என்றேன். இந்த மாதிரிப் பேச்சை அந்தக் காலத்தில் பெற்றோர் என்னிடம் பேசுவார்கள். நான் எழுந்து கதவைத் திறந்துவிடுவேன்.

ப்ரிசில்லா கதவைத் திறக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "லியாண்டரத் தொட்ட அன்னைக்கு நான் அவன் பக்கத்துலதான் நின்னேன். சொந்தப் பிள்ளைன்னுகூடப் பாக்கல நீங்க. அதப் பாத்துத்தான், டீச்சரானா இப்படி ஒரு டீச்சராவணும்னு நெனச்சேன். இப்ப உங்க வீட்டுப் பிள்ளைன்னு நான் விட்டுட்டா, மத்த மூணு பிள்ளைங்களுக்கு என்ன ஞாயம்?"

குடையைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது.

நவம்பர் 24, ஞாயிறு

பூசை. லியாண்டர் மரத்தடியில்.

அவனைத் தொட்டது உண்மைதான். அப்போது ஐந்தாம் வகுப்புவரை பையன்களும் எங்கள் பள்ளியில் படித்தார்கள். ஹெர்மீனா டீச்சர் வீட்டுப் பிள்ளை என்றும் பார்ப்பதில்லை என்று தலைமைச் சிஸ்டர் எல்லா ஆசிரியைகள் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். அன்று மாலை அவனுக்கு மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன் என்று நினைக்கிறேன். அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது?

இன்னொன்று ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் என் கணவரை அடக்கம் செய்த அன்று கல்லறையில் எல்லோரும் பாடினோம். லியாண்டர் பெட்டியின் தலைமாட்டில் நின்றான். அங்கே மரத்தடி கிடையாது. எனக்குக் கண்ணீர் மறைத்தாலும் அவன் வாயைப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் உதடுகள் சரியாக அசைந்தன. ஒரு எழுத்தும் பிசகவில்லை. நான் அவனுக்கு இரண்டடி தள்ளி நின்றேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அன்று காற்று அதிகம்.

நவம்பர் 27, புதன்

ஜோவிட்டா சுருதி சேர்ந்து பாடினால் ப்ரிசில்லாவுக்கு மறுக்கக் காரணம் இருக்காது. தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறுவரை பியானோ முன் உட்காரவைக்கிறேன். கடல் காற்றில் கட்டைகள் உப்பியிருக்கின்றன, நடு 'லா' சுரக் கட்டை ஒட்டிக்கொள்கிறது. மற்றவை போதும்.

இது நமக்குள் ஒரு விளையாட்டு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 30, சனி

முன்னேற்றம் இல்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று அவளே கேட்டாள். "நான் தொட்ட பிள்ளதானே பெரியாச்சி. எனக்கு எதுக்குச் சத்தம்?"

சும்மாதான் என்றேன். ஒரு மணி நேரம் 'தோ ரே மி'. காதில் விழுகிறது, மேலே போ என்றால் மேலே என்று கையால் காட்டுகிறாள். தொண்டை மட்டும் வேறு எங்கோ போகிறது. முப்பத்தோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், பதினொரு நாளில் இது சரியாகாது.

டிசம்பர் 4, புதன்

லியாண்டர் மாத்திரை வாங்கி வந்தான். எப்போதும் நிலைப்படியில் நின்றே நீட்டிவிட்டு மாடிக்குப் போய்விடுவான். இன்று உள்ளே வந்து பியானோ ஸ்டூலில் உட்கார்ந்தான். ஈரச் சட்டையோடு உட்காராதே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

"ஜோவிக்குப் பாட்டுச் சொல்லிக்குடுக்கியளாமே."

ஆமாம் என்றேன்.

"விட்ருங்க பெரியம்மா. தொட்டா என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரியாது. பெருமையா நெனச்சிக்கிட்டிருக்கா. நீங்க இப்படிப் பிடிச்சு உக்காத்தி வெச்சா அவளே கண்டுபிடிச்சிருவா." கொஞ்ச நேரம் பியானோவின் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "நானும் பெருமையாத்தான் நெனச்சேன். ஆறாங்கிளாஸ்ல வேற பள்ளிக்கூடம் போனப்புறம் ஒருத்தன் சொல்லித்தான் தெரியும்."

யார் அது என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"யாரு சொன்னா என்ன? எடது தோளு. உங்க கையில சாக்பீஸ் பொடி இருந்துச்சு, சட்டையில வெள்ளையா ஒட்டிக்கிட்டு. வீட்டுக்கு வந்தப்புறமும் நான் அதத் தட்டிவிடல. மறுநாளும் அதே சட்டையத்தான் போடுவேன்னு அடம்பிடிச்சேன். ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன். அவன் கோபமாக இல்லை. நான் என்ன சமாதானம் சொல்வேன் என்று காத்திருப்பவன்போலவும் இல்லை. ஜோவியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், எட்டு வயதிலாவது அவள் பெருமையாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அவன் சட்டைகளைத் துவைத்தது நான்தான்.

டிசம்பர் 8, ஞாயிறு

முப்பத்தோரு வருடம், வருடத்துக்கு நான்கு பிள்ளைகளைத் தொட்டேன் என்றே வைத்தாலும் நூற்றிருபதுக்கு மேல். சில முகங்கள் ஞாபகம் இருக்கின்றன. பெயர்கள் இல்லை. நன்றாகப் பாடியவர்களின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன.

தொடாதே என்று இனிமேல் ப்ரிசில்லாவிடம் சொல்லிப் பயனில்லை. தொட்டாயிற்று. சத்தமாகப் பாடு என்று ஜோவிட்டாவிடம் சொன்னால், முதலில் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று கேட்பாள். அவள் கேட்காத கேள்வி கிடையாது. சொல்லாமல் விட்டாலோ, இன்னும் மூன்று வருடத்தில் வேறு பள்ளிக்கூடத்தில் யாராவது ஒரு பிள்ளை சொல்லும்.

பூசைக்குப் பிறகு மெர்லின் என்னிடம், ஏன் மாமி சாப்பிடவில்லை என்று கேட்டாள். பசியில்லை.

டிசம்பர் 11, புதன்

குடையை எடுத்துவரப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அட்டையில் செய்த தவளைத் தலைகள், ஓலைக் கூடைகள். ப்ரிசில்லாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்தேன்.

நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த முறையில் ஒரு பாதி விட்டுப்போயிருந்தது என்றேன். முதலில் இடது தோள். அது வாயைப் பழக்க. கடைசி ஒத்திகையில் அதே பிள்ளைகளின் வலது தோளைத் தொட வேண்டும். அதன் பிறகு அவர்கள் சத்தத்தோடு பாட வேண்டும். இரண்டு முறை தொடப்பட்டவர்களுக்குத்தான் இரண்டும் தெரியும். இதுதான் முழு முறை.

ப்ரிசில்லா கேட்டாள்.

"முப்பத்தாறு வருஷமா இந்தப் பாதிய எங்க வெச்சிருந்தீங்க டீச்சர்?"

மறந்துவிட்டது என்றேன். நான் எதையும் மறப்பவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"பாட்டு கெட்டுப்போகும்."

"கெடும்."

"அதுக்கு என் பேருதான போகும்?"

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. ஆனால் மைக்கில் அறிவிக்கலாமே, மூன்றாம் வகுப்பின் பாட்டுப் பயிற்சி ஹெர்மீனா மோத்தா என்று சொல்லச் சொல் என்றேன். இந்த ஊரில் அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பிறகு, நீங்களே தொடுங்கள் என்று சொல்லி வழிவிட்டாள்.

வரிசையில் நடந்தேன். அதே கூடம், அதே சன்னல்கள். குனிந்து குனிந்து ஒவ்வொரு வாயருகிலும் காதை வைத்தேன். இப்போதெல்லாம் குனிவது எளிதில்லை. சத்தம் வராத நான்கு வாய்கள். நான்கு வலது தோள்கள். ஜோவிட்டா கடைசி. என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவு ஒழுங்கு. தொட்டதும் கண்கள் மட்டும் விரிந்தன.

பிறகு நால்வரையும் அழைத்து முறையின் மறுபாதியைச் சொன்னேன். ஒரு பிள்ளை கேட்டாள், "எவ்ளோ சத்தமா, மிஸ்?"

உனக்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு என்றேன்.

மாலையில் ஜோவிட்டா மாடியில் தன் அப்பாவிடம் கத்திக் கத்திச் சொல்வது கீழே எனக்குக் கேட்டது. இடது, வலது, இரண்டும் தெரிந்தவர்கள் பள்ளியிலேயே நான்கு பேர்தான் என்று. லியாண்டர் என்ன பதில் சொன்னான் என்று கேட்கவில்லை. அவன் கீழே இறங்கி வரவும் இல்லை.

குடையை மறுபடியும் மறந்துவிட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

மெர்லின் ஓலைக்கூடைக்கு வெள்ளைத் துணி தைத்தாள். தையல் கோணல். பிரித்து நான் தைத்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு, காலை

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

முன்னாள் ஆசிரியை என்று முதல் வரிசையில் இடம் கொடுத்தார்கள். ஒரு பக்கம் லியாண்டர், மறுபக்கம் மெர்லின். சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் தாமதம். வரவேற்பு நடனத்தில் ஒரு பிள்ளை அழுதுவிட்டது. பிறகு மைக்கில் மூன்றாம் வகுப்பு என்றார்கள், என் பெயரையும் சொன்னார்கள். கைதட்டல் பலமாக இருந்தது.

திரை விலகியது. தவளைகள் நன்றாகக் கத்தின. மழையாக வந்த பிள்ளைக்கு நீலத் துணி காலில் சிக்கியது, சமாளித்துக்கொண்டாள். உப்பளப் பெண்கள் வந்து வரிசையாக நின்று பாடத் தொடங்கினார்கள். முதல் வரி தாங்கியது. இரண்டாவது வரியில் நான்கு குரல்கள் கீழே இழுத்தன, மற்றவர்களில் பாதிப் பேர் அவர்களோடு போனார்கள். ஒலிப்பதிவு செய்த இசை மேலே தனியாகப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதற்குக் கீழே அவர்களுடைய பாட்டைப் பாடினார்கள். என் வாழ்நாளில் இதைவிட மோசமான கோரஸை நான் கேட்டதில்லை.

என் பின்வரிசையில் ஒரு பெண் குரல் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது. "ஹெர்மீனா டீச்சர் பேரல்லா சொன்னாங்க? பாவம், காது போயிருச்சு போல."

குரல் அடையாளம் தெரிந்தது. என்னோடு இருபது வருடம் வேலை பார்த்தவள். நான் திரும்பவில்லை.

ஜோவிட்டா இடமிருந்து மூன்றாவது. கண்ணாடி முன் அசைத்த அழகு இப்போது வாயில் இல்லை. சத்தம் வரும்போது வாய் ஒரு பக்கம் கோணுகிறது, கழுத்து நரம்பு தெரிகிறது. அவள் குரலை முப்பது குரலிலிருந்து பிரித்துக் கேட்டேன். அதற்குத்தானே இந்தக் காது. 'பொறுத்து வா' என்று அவள் மழையை அதட்டினாள். ஒரு சுரம் கீழே, ஆனால் மழை நிற்கும்.

மெர்லின் செல்போனில் படம் எடுத்தாள். லியாண்டர் எடுக்கவில்லை. முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்து, மேடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் வழக்கம்போல் பள்ளிப் பாட்டு. பழைய மாணவர்கள் எல்லோரும் எழுந்து நின்று பாட வேண்டும். எழுபது வருடமாக அதே பாட்டு, அதே மெட்டு. நாற்காலிகள் நகர்ந்தன. லியாண்டரும் எழுந்தான், ஆனால் பக்கவாட்டுக் கதவைப் பார்த்துத் திரும்பினான்.

"புழுக்கமா இருக்கு பெரியம்மா. வெளிய நிக்கேன்."

அவன் ஆறடி. எட்டு வயதில் என் இடுப்பளவு இருந்தான். நான் முன் வரிசைக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையை உயர்த்தினேன். அப்படியும் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. அவன் வலது தோளைத் தொட்டேன்.

அவன் நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

முதல் சரணம் முழுதும் முடிந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. நேற்று உள்ளே காற்றும் இல்லை, எல்லா விசிறிகளையும் நிறுத்தியிருந்தார்கள். இரண்டாவது சரணம் தொடங்கியது. கை வலித்தது. பிரஷர் மாத்திரை போட்டோமா என்றுகூட நினைத்தேன். கையை எடுக்கவில்லை.

மூன்றாவது சரணத்தின் நடுவில் என் காதுக்கு மேலே ஏதோ கரகரத்தது. பெரிய ஆண் குரல், இதுவரை நான் கேட்டிராதது. வார்த்தைகள் எல்லாம் சரியாக இருந்தன.

ஏறக்குறைய ஒன்றரைச் சுரம் கீழே.

கையை அங்கேயே வைத்திருந்தேன்.